பறையும் புத்தகமும்



நெய்க்காரப்பட்டியில் இவ்வெள்ளி விழா மாலையில் பறை முழங்கலாமா என்ற வினா நம்மிடையே எழுந்துள்ளது. "அதை விட்டொழிக்கத்தானே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்?" என்று பெரியவர்கள் கேட்கின்றனர். அதில் நியாயம் உண்டு. இழவு வீட்டு வாசலில், ஊர்க் கட்டளைக்கு அடங்கி அடித்த அடி அது. மாணவப் பருவத்தில் அவ்வோசை கேட்டு நாமும் தலைகுனிந்து நடந்தோம்.

ஆயினும், தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையையும் எண்ணுகிறது. இழிவு கட்டாயத்தில் இருந்ததேயன்றிக் கருவியில் இருந்ததில்லை. நம் மாவட்டத்துச் சக்திக் கலைக்குழுவின் பெண்மக்கள் பறையேந்தி மேடை கண்டனர். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டு பறைக்கலைக்காகப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இளைஞர்களே, பறை மட்டும் போதாது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். இழிசொல்லாக வீசப்பட்டதை அச்சிலேற்றித் தலைநிமிர்ந்தார். நாட்டுப்புறப் பாடகர் கே. ஏ. குணசேகரன் பாடியதோடு நில்லாமல் 'வடு' என்னும் தன்வரலாறும் எழுதினார். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. இவற்றைத் தேடிப் படியுங்கள்.

மாலையில் பறை முழங்கட்டும். ஏவலுக்கு அடிப்பதில்லை என்ற உறுதியோடு முழங்கட்டும். முதல் அடி விழுமுன், அன்று அடிக்க மறுத்துத் துன்புற்ற பெரியவர்களை அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்துங்கள்.