விலாசத்தில் ஒரு பிராட்வே



பிழைப்பை நாடிப் பிறந்த ஊரைவிட்டு வந்த நாம் ஆங்கிலத்தில் முதன்முதலாக எழுதக் கற்பது பெரும்பாலும் நமது விலாசத்தைத்தான். வேலைக்கு மனுச் செய்தாலும், குழந்தையைப் பள்ளியில் சேர்த்தாலும், வங்கியில் கணக்குத் தொடங்கினாலும் முதலில் கேட்கப்படுவது அதுவே. ஆகவே ஊர்ப் பெயர்களையும் நகர்ப் பகுதிகளின் பெயர்களையும் ஆங்கிலத்தில் பிழையின்றி வழங்கும் முறையைக் குறித்து, கொச்சி நகரையே சான்றாகக் கொண்டு சிறிது சிந்திப்போம்.

இங்கே பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலைக்கமர்ந்த அன்பர் ஒருவர், ஊருக்கு எழுதிய கடிதத்தில், ‘பிராட்வே, மட்டாஞ்சேரி, கொச்சி’ என்று விலாசம் எழுதிவிட்டார். மகனுக்கு உடல்நலமில்லை என்று கேள்வியுற்றுப் புறப்பட்டு வந்த அவருடைய முதிய தந்தையார், மட்டாஞ்சேரிக் கடைவீதியில் அந்தக் காகிதத்தைக் காட்டி ஒவ்வொருவராக விசாரித்தார். பிராட்வேயோ காயலுக்கு அக்கரையில், எறணாகுளத்தில் இருக்கிறது. படகேறி அவர் மகனைக் கண்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு சொல் இடம் மாறியதால் பெரியவர் பட்ட பாட்டை நாம் இன்றும் மறக்கவில்லை.

இத்தவறு நேர்வதற்குக் காரணம் இல்லாமலில்லை. எறணாகுளம், மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சி ஆகிய மூன்றும் முன்னர்த் தனித்தனி நகராட்சிகள். 1967ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று அவை மூன்றும், வெலிங்டன் தீவும், அண்டையிலிருந்த சில ஊர்களும் இணைந்து கொச்சி மாநகராட்சி உருவாயிற்று. எனவே மட்டாஞ்சேரியும் எறணாகுளமும் ஒரே நகரின் இரு பகுதிகள். ஒன்று மற்றொன்றின் புறநகர் அன்று. விலாசத்தில் சிறியது முன்னும் பெரியது பின்னுமாக, ‘பிராட்வே, எறணாகுளம், கொச்சி’ என்று எழுதுதல் வேண்டும். ‘வே’ என்றாலே வழிதான்; ஆகவே ‘பிராட்வே ரோடு’ என்று நீட்டத் தேவையில்லை. சென்னை ஜார்ஜ் டவுனிலும் ஒரு பிராட்வே உண்டு. அது பிரகாசம் சாலை என்று பெயர் மாறிய பின்னரும் மக்கள் வாயில் பிராட்வேயாகவே இருக்கிறது. ஆகவே நகரின் பெயரை விட்டுவிட்டு எழுதுதல் கூடாது.

‘சபர்ப்’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் நாம் எண்ணிப் பார்த்தே வழங்க வேண்டும். தாம்பரம் 2021 முதல் தனி மாநகராட்சி. அதனை ‘சென்னைக்கு அருகிலுள்ள தாம்பரம்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது பொருந்தும். மட்டாஞ்சேரியையோ ‘கொச்சிக்கு அருகில்’ என்னலாகாது. அது கொச்சிக்கு உள்ளேயே இருக்கிறது.

இனி, சிறு சொற்களைக் கவனிப்போம். ‘நான் மட்டாஞ்சேரியில் வசிக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ லிவ் இன் மட்டாஞ்சேரி’ என்க. கதவு எண்ணைச் சேர்த்துச் சொல்லும்போது மட்டும் ‘இன்’ என்பதற்குப் பதிலாக ‘அட்’ வரும். ஊர்ப் பெயருக்கு முன்னே ‘தி’ சேர்ப்பது நம்மவரிடையே காணும் பிழை. ‘தி மட்டாஞ்சேரி’, ‘தி மரைன் டிரைவ்’ என்பன தவறு. ஆனால் ‘தி மட்டாஞ்சேரி பிரிட்ஜ்’ என்பது சரியே. அங்கே ‘தி’ பாலத்தைச் சார்ந்தது, ஊரைச் சார்ந்ததன்று. நீலகிரி பன்மையாக வழங்குவதால் ‘தி நீல்கிரிஸ்’ என்பதும் மரபாகும்.

எழுத்துக்கூட்டல் பெருந்தொல்லை. மட்டாஞ்சேரியை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் இரண்டு ‘டி’, கடைசியில் இரண்டு ‘ஆர்’, அதன்பின் ‘ஒய்’. புதியவர்கள் அதைக் கண்டு ‘செர்ரி’ப் பழத்தை நினைப்பதுண்டு, அது நாம் நன்கறிந்த ‘சேரி’தான். ஒலிக்கு ஏற்ப நாமாகவே எழுத்தை மாற்றிவிடலாமோ என்றால், கூடாது. தமிழ்நாட்டில் 2020 ஜூன் மாதம் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களுக்குத் தமிழ் ஒலிப்பை ஒட்டிய ஆங்கில எழுத்துக்கூட்டலை அரசு வெளியிட்டு, அதே மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசுக்கே அது எளிதாக இல்லை. பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமும் ஆதார் அட்டையில் வேறுவிதமுமாக எழுதிவைத்தால், நாளை நம் பிள்ளைகளே அலுவலகந்தோறும் அலைய நேரிடும். ஏற்கப்பட்ட ஒரே வடிவத்தை எல்லாத் தாள்களிலும் எழுதுக.

பழம்பெயரை முற்றும் ஒழிப்பதும் பிழை. ‘கொச்சின்’ என்பது 1996இல் ‘கொச்சி’ ஆயிற்று. எனினும் கொச்சின் கப்பல் கட்டும் தளமும், கொச்சின் பல்கலைக்கழகமும், நெடும்பாசேரியிலுள்ள விமான நிலையமும் பழம்பெயரையே தாங்குகின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இன்றும் ‘மெட்ராஸ்’ என்றிருப்பதைப் போல. ஊருக்கு ஊரின் இன்றைய பெயர், நிறுவனத்திற்கு அதன் பதிவுப் பெயர் என்று கொள்க.

இரயிலேறி வருவோருக்கு மேலும் ஒரு சொல். ஊரிலிருந்து உறவினரை அழைக்கும்போது ‘கொச்சிக்குச் சீட்டெடுங்கள்’ என்று மட்டும் சொல்லற்க. எறணாகுளம் ஜங்ஷன், எறணாகுளம் டவுன் என நிலையங்கள் இரண்டு. முன்னதைச் சவுத் என்றும் பின்னதை நார்த் என்றும் இங்குள்ளோர் வழங்குவர். எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதை எழுத்திலேயே தெரிவித்துவிடுக.

நாம் வந்து வாழும் இடத்தின் பெயரை அவ்விடத்தார் வழங்குமாறே வழங்குவது, அவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதையுமாகும். அன்று அலைந்த பெரியவர், ஊர் திரும்புமுன் மகனிடம் சரியான விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்றிரவே நாமும் அவ்வாறு ஒன்று எழுதி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அனுப்புவோமாக.