சீட்டை உடைக்காமல் இறக்குங்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படியொரு மழைக்குப் பிறகு விழுப்புரம், திண்டிவனம், அனந்தபுரம் பக்கம் எந்த வீட்டில் பேசினாலும் பேச்சு கூரைக்கு வந்துவிடும். ‘பழைய சீட்டைக் கழற்றிவிட்டுத் தளம் போட்டுடலாம்.’ நல்ல முடிவு. கழற்றுகிற அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சிமெண்ட் சீட்டு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு சிமெண்ட். பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். விரிசல் இல்லாமல் கூரையில் கிடக்கும்வரை நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். சுத்தியால் அடித்தாலோ கட்டிங் மெஷினால் அறுத்தாலோ தூசியாய்ப் பறக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரலில் தங்கிவிட்டால், 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயாக வெளிப்படலாம். இத்தனை ஆண்டு இடைவெளி இருப்பதால்தான், இன்றைய தூசியை யாரும் பொருட்படுத்துவதில்லை.

உலகில் 60க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடைசெய்துவிட்டன. இங்கே வெள்ளைக் கல்நார் இறக்குமதியாகி, சீட்டாகக் கடைகளில் விற்கிறது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், காக்கச் சொன்னது. ஆலைக்குள் இருப்பவருக்கு அந்தத் தீர்ப்பு உண்டு. நம் வீட்டுக் கூரையில் ஏறும் மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் எந்தப் பதிவேடு இருக்கிறது? அவர்களைக் காப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

முதலில், பழைய சீட்டின் மேல் யாரையும் ஏறி நிற்க விடாதீர்கள். பொக்கென்று உடைந்து ஆள் கீழே விழுந்துவிடுவார். சாரம் கட்டி, கீழிருந்து கழற்றட்டும். பூவாளியால் தண்ணீர் தெளித்துச் சீட்டை நன்றாக நனையுங்கள். ஈரத்தில் தூசி பெருமளவு அடங்கும். துருப்பிடித்த போல்ட்டை அடித்துப் பெயர்க்காமல், எண்ணெய் விட்டுத் திருகுங்கள். அசையாவிட்டால் போல்ட்டை மட்டும் வெட்டுங்கள். முழுச் சீட்டாகக் கைமாற்றி இறக்குங்கள். மேலிருந்து வீசவே கூடாது.

முகத்தில் கட்டும் துண்டு இந்த நாரைத் தடுக்காது. என்95 முகக்கவசமும் போதாது. எஃப்எஃப்பி3 (FFP3) அல்லது பி100 (P100) வகை முகக்கவசம் வேண்டும், அதுவும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். விழுந்த துணுக்குகளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டுங்கள். வேலை செய்தவரின் உடுப்பை உதறவும் கூடாது. கணவரின் வேலைத் துணியைத் துவைத்தே நோய்ப்பட்ட மனைவிமார் பல நாடுகளில் உண்டு. வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே நனைத்து அலசச் சொல்லுங்கள்.

இறக்கிய சீட்டை ஆட்டுக்கொட்டகைக்கோ குளியலறை மறைப்புக்கோ கொடுக்காதீர்கள். நொறுக்கிப் பள்ளம் நிரப்புவதும், ஏரிக்கரையில் கொட்டுவதும் அதைவிட மோசம். கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒட்டுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று வேலை தொடங்கும் முன்பே பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை பிள்ளைகள் கை படாத மூலையில் கட்டு இருக்கட்டும். அதன்மேல் ‘ஆஸ்பெஸ்டாஸ், பிரிக்காதீர்கள்’ என்று பெயிண்டால் பெரிதாக எழுதி வையுங்கள்.