காத்திராத விதைகள்



எங்கள் பொம்மிடிப் பக்கத்தில் பல்லாங்குழி ஆடாத வீடு முற்காலத்தில் அரிது. ஆட்டத்திற்கு வேண்டிய புளியங்கொட்டைகள் பரணில் ஒரு பானையிலே கிடக்கும். ஓராண்டு கழிந்த பின்னரும் அவற்றுள் ஒரு பிடியை எடுத்து ஈரமண்ணில் ஊன்றினால், பல முளைத்துவிடும். சரக்கொன்றை விதையோ இன்னும் பிடிவாதமுடையது. அதன் தோல் அத்துணைக் கடினம். வெந்நீரில் ஊறவைத்தாலன்றி எளிதில் முளை காட்டாது.

இவ்விதைகள் ஏன் இவ்வாறு அமைந்தன? எங்கள் தருமபுரி மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழையே பெய்கின்றது. அதுவும் சில மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். சேர்வராயன் மலையடிவாரத்தில் நிற்கும் மரம் தன் விதையை வறண்ட நிலத்தில் உதிர்க்கின்றது. அவ்விதை அடுத்த மழை வரும்வரை உயிரை ஒடுக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். உலர்வதும் உறங்குவதும் அதற்குப் பிழைக்கும் வழி. யூதேயப் பாலைநிலத்தில் மசாடாக் கோட்டையை அகழ்ந்தபோது கிடைத்த பேரீச்சை விதையொன்று, ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் உறங்கியபின் 2005ஆம் ஆண்டில் ஊன்றப்பெற்று முளைத்தது என்றால், விதையின் உறக்கம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்!

ஆனால் எல்லா விதைகளும் இப்படி உறங்குவதில்லை. மாங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெயிலில் நன்கு காயவைத்து ஓரிரு மாதம் கழித்து ஊன்றினால் முளைக்காது. உள்ளிருக்கும் பருப்பு செத்துப்போயிருக்கும். மாங்கன்று வளர்ப்போர் புதுக்கொட்டைகளையே தேடி வாங்கி, தாமதமின்றிப் பாத்தியில் இடுவது இதனாலேயே. பலாக்கொட்டையும் இவ்வினத்தைச் சேர்ந்தது. 1973ஆம் ஆண்டில் ராபர்ட்ஸ் என்னும் ஆங்கில விதையியலறிஞர் இவ்வேறுபாட்டை வரையறுத்து, விதைகளை இரு பிரிவாக்கினார். உலர்த்திக் குளிரில் வைத்தால் நெடுங்காலம் பிழைப்பவை ஒரு பிரிவு. உலர்த்தினால் மடிந்துபோகின்றவை மற்றொரு பிரிவு. பின்னவற்றுக்கு அவர் இட்ட பெயருக்கு, சொன்னபடி கேளாத அடங்காப் பிள்ளை என்பது போன்ற பொருள். இப்பெயர் எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. நம்முடைய சேமிப்பு அறைக்கு அடங்கவில்லை என்பதற்காக விதைமேல் குற்றம் சுமத்துவானேன்?

இவ்வடங்கா விதைகள் மிகுந்து வாழும் இடம் மழைக்காடு. பொம்மிடியிலிருந்து தென்மேற்கே நெடுந்தூரம் சென்று, பொள்ளாச்சியைக் கடந்து ஆனைமலையில் ஏறி வால்பாறையை அடைந்தால், மழையின் அளவு ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டர் அளவிற்கு உயர்ந்துவிடுகின்றது. அங்கே மூன்று மரங்கள் காட்டிற்கு முதன்மையாய் நிற்கும். முள் நிறைந்த காய் காய்க்கும் வெடிப்பலா, இரும்பைப் போன்ற வைரம் பாய்ந்த நாங்கு, பால்வடியும் பாலி என்பன அவை. வெடிப்பலா, இலுப்பை இனத்துப் பாலி போன்றவற்றின் விதைகள் ஈரம் நிறைந்தவை. காட்டுத் தரை பெரும்பாலும் ஈரமாயும் நிழலாயும் இருப்பதால், அவை உறங்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. விழுந்த சில நாட்களிலோ வாரங்களிலோ முளைத்தாக வேண்டும். இல்லையேல் மடிய வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் தானாக வளராத வெள்ளைக் குங்கிலிய மரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோயிலில் தூபமிடும் வெண்மையான குங்கிலியம் இதன் பிசினே. ஒட்டுப்பலகை செய்வதற்காக இம்மரம் பெருமளவில் வெட்டப்பட்டது. இதன் இனத்து மரங்கள் பலவற்றின் காய்க்குச் சிறகுண்டு. காற்றிலே சுழன்று சிறிது தொலைவு செல்லும். வெள்ளைக் குங்கிலியத்தின் காய்க்கோ சிறகில்லை. பருத்துக் கனத்த அக்காய் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து, உடனே முளைவிடும். மரத்தை வெட்டிய பின், அதன் விதையைத் தேடிச் சென்று எடுக்கக் களஞ்சியம் ஒன்றும் இராது.

களஞ்சியம் என்றதும் நார்வே நாட்டின் வடகோடியிலுள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விதைக் காப்பகம் உங்கள் நினைவிற்கு வரலாம். பனிமலையைக் குடைந்து, உறைநிலைக்குக் கீழே 18 பாகை குளிரில், உலகின் பயிர் விதைகளை அங்கே காத்து வருகின்றனர். நெல்லும் கேழ்வரகும் சாமையும் அத்தகைய குளிரில் உறங்கும். வெள்ளைக் குங்கிலியத்தை அங்கே அனுப்பினால் என்ன நேரும்? உலர்த்தும்போதே அது இறந்துவிடும். உலர்த்தாமல் வைத்தால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். விதையின் கருவை மட்டும் நுட்பமாகப் பிரித்துத் திரவ நைட்ரசனில் வைக்கும் முறை சில இனங்களுக்குக் கைகூடியிருக்கின்றது. எனினும் பெரும்பாலான மழைக்காட்டு மரங்களுக்கு நின்று காய்க்கும் மரமே களஞ்சியம். திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் 1979ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வெப்பமண்டலத் தாவரத் தோட்டம் மரங்களை உயிரோடு நட்டு வளர்த்தே காத்து வருவதன் காரணமும் இதுவே.

இக்களஞ்சியத்திற்குச் சுமை தூக்குவோரும் உண்டு. அவருள் தலையாயது இருவாய்ச்சிப் பறவை. பெட்டை பெருமரத்துப் பொந்தினுள் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு அடைகாக்க, சேவல் ஊரெல்லாம் அலைந்து பழம் கொணர்ந்து ஒரு சிறு பிளவின் வழியே ஊட்டும் செய்தியை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். நம் பேச்சுக்கு வேண்டியது அதன் அலகின் அகலம். கருங்குங்கிலியத்தின் கொட்டையும் வெள்ளை அகிலின் விதையும் காட்டுச் சாதிக்காயும் சிறு குருவியின் தொண்டையில் இறங்கா. இருவாய்ச்சி அவற்றை முழுதாக விழுங்கி, சதையைச் செரித்து, விதையைத் தொலைவிலே கக்கிவிடும். இருவாய்ச்சிக்குப் பொந்துள்ள பெருமரம் வேண்டும். அம்மரத்தின் பிள்ளைகளுக்கோ இருவாய்ச்சி வேண்டும். ஒன்றை வெட்டினால் மற்றொன்றும் மெல்ல மறையும்.

வால்பாறையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் காப்பிக்கும் தேயிலைக்குமாகக் காடு அழிக்கப்பட்டது. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம் இன்று பெரும்பாலும் தோட்டம். இடையிடையே தீவுகளைப் போலக் காட்டுத் துண்டுகள் எஞ்சியுள்ளன. அத்துண்டுகளிலும் உண்ணிச்செடி புகுந்து தரையை மூடிக்கொள்ள, நிழல்நாடும் கன்றுகள் தலையெடுக்க இயலாமற்போயிற்று. மைசூரில் 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்னும் அமைப்பினர், சுமார் 2000ஆம் ஆண்டு முதல், தோட்டக் குழுமங்களின் ஒத்துழைப்போடு அங்கே ஒரு பொறுமையான தொண்டைச் செய்து வருகின்றனர். காட்டுச் சாலையில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கவிருக்கும் விதைகளைப் பொறுக்கி வருவார்கள். தாமதியாமல் நாற்றங்காலில் இடுவார்கள். நிழலில் வளர்த்து, களை நீக்கிய காட்டுத் துண்டில் பல இனங்களைக் கலந்து நடுவார்கள். 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இவ்வாறு நட்டுப் பேணிய இடங்கள் தாமாகத் தேறட்டும் என்று விடப்பட்ட இடங்களைவிட நன்கு தேறியுள்ளன என்றும், ஆயினும் அழியாத காட்டின் நிலையை இன்னும் எட்டவில்லை என்றும் கூறுகின்றது.

இரண்டாவது செய்தியையே நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓரிடத்துக் காட்டை எடுத்துக்கொண்டு வேறோரிடத்தில் மரம் நட்டால் கணக்கு நேராகிவிடும் என்று பேசுவோர் உண்டு. ஏட்டில் நேராகலாம். எடுத்தது வெடிப்பலாவும் குங்கிலியமும், கொடுத்தது தைலமரமும் சவுக்கும் என்றால், இதை எந்தக் கணக்காசிரியர் ஒப்புவார்? பாலக்காட்டுச் சைரந்திரி வனத்தில், அமைதிப் பள்ளத்தாக்கு என நாம் வழங்கும் இடத்தில், குந்திப்புழையின் குறுக்கே அணை கட்ட முனைந்தபோது அறிஞரும் ஆசிரியரும் கவிஞரும் எதிர்த்து நின்றனர். திட்டம் கைவிடப்பட்டு, 1984ஆம் ஆண்டில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அணை எழுந்திருந்தால், நீருள் மூழ்கிய மரங்களுக்கு ஈடாக எந்தப் பெட்டியிலிருந்து விதையை எடுத்திருப்போம்?

மாணவர்களே, நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டுவதில்லை. பலாப்பழக் காலத்தில் ஒரே பழத்தின் கொட்டைகள் முப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தை அன்றே மண்ணில் ஊன்றுங்கள். பத்தை ஈரமணலில் புதைத்து நிழலில் வையுங்கள். எஞ்சிய பத்தை வெயிலில் உலர்த்தித் தாளில் பொதிந்து வையுங்கள். ஒரு திங்கள் சென்றபின் இவ்விரு பத்தையும் தனித்தனியே ஊன்றி, மூன்று வரிசையிலும் முளைத்தவற்றை நாள்தோறும் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஊன்றும் முன் ஒவ்வொரு வரிசையின் கொட்டைகளையும் எடைபோட்டுக் குறித்துக்கொண்டால், எவ்வளவு நீரை இழந்தபின் உயிர் போகின்றது என்பதையும் நீங்களே ஒருவாறு கணித்துவிடலாம்.