பழைய சாமானும் அழகான வீடும்



காந்தியடிகள் ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரரின் காலணியைப் பார்த்து வியந்தார். இது 1940-களில் பம்பாயில் நடந்தது. அந்தக் காலணி தோலால் ஆனது அல்ல. வீணான துணித் துண்டுகளைச் சேர்த்துக் கையால் தைத்தது. போட்டிருந்தவர் பெயர் லாரி பேக்கர்.

பேக்கர் 1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வீடு கட்டும் கலையைப் படித்தவர். போர்க்காலத்தில் சீனாவுக்குப் போய் நோயாளிகளுக்குச் சேவை செய்தார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தார். அப்போதுதான் காந்தியைப் பார்த்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள் எல்லாம் 5 மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். 5 மைல் என்றால் 8 கிலோமீட்டர். இந்த எண்ணம் பேக்கர் மனதில் ஆழமாகப் பதிந்தது.

அவர் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். 1948-இல் எலிசபெத் என்ற கேரளத்து மருத்துவரை மணந்தார். இமயமலைப் பக்கம் பல வருடம் இருந்தார்கள். 1963-இல் எங்கே வந்தார்கள் தெரியுமா? நம் வாகமண்ணுக்கு! அப்போது இடுக்கி மாவட்டமே கிடையாது. அது 1972-இல்தான் பிறந்தது. வாகமண்ணில் மலை மக்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். பிறகு திருவனந்தபுரம் போனார்கள்.

அங்கே நாலாஞ்சிறையில் ஒரு பாறைச் சரிவு. அதில் பேக்கர் தன் வீட்டைக் கட்டினார். இடித்த பழைய வீடுகளின் மரச் சாமான்கள் அந்த வீட்டுக்கு வந்தன. சுவரில் செங்கல்லுக்கு நடுவே கண்ணாடிப் பாட்டில்களைப் பதித்தார். பாட்டிலின் அடிப்பாகம் வழியாக வெயில் நுழையும். பச்சையும் பழுப்புமாக வெளிச்சம் உள்ளே விழும். உடைந்த பீங்கான் துண்டுகளும் சுவரில் அழகாக அமர்ந்தன. அரசாங்கம் 1990-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 2007-இல் அவர் காலமானார்.

‘அவர் படித்த மனிதர், சொந்த வீடு, சொந்தச் சுவர். நாங்கள் என்ன செய்வது?’ என்று கேட்கலாம். சரியான கேள்விதான்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் குடும்பத்துக்குச் சுவர் சொந்தம் இல்லை. லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தச் சுவரில் பாட்டில் பதிக்க முடியாது. பதித்தாலும் போகும்போது எடுத்துப் போக முடியாது. ஆகவே லயத்துக்காரர்கள் கையோடு தூக்கிப் போகக்கூடிய சாமானுக்குத்தான் பாடுபட வேண்டும். ஒரு பெட்டி, ஒரு ஸ்டூல், ஒரு திரை. எந்த ஊருக்குப் போனாலும் அவை கூடவே வரும்.

முதலில் துணி. மலையில் குளிர் அதிகம். கிழிந்த சேலைகளை நான்கு மடிப்பாக மடித்து ஓட்டுத் தையல் போட்டால் நல்ல போர்வை. கிழியாத முந்தானைப் பக்கம் மேலே வரட்டும். ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீட்டில் சேலைத் திரை வெறும் அழகு மட்டும் இல்லை. வயதுக்கு வந்த பெண் பிள்ளை உடை மாற்ற ஒரு மறைவு. புத்தகம் படிக்கும் பையனுக்கு ஒரு மூலை. அரிசிச் சாக்கைத் துவைத்து, மடித்து, ஓரத்தில் சேலைக்கரை வைத்துத் தைத்தால் கால்மிதி ஆகிவிடும்.

அடுத்தது மரச் சாமான். பழைய சாமான் கடையை மலையாளத்தில் ஆக்ரிக் கடை என்பார்கள். அங்கே பழைய மேசை, நாற்காலி, அலமாரி கிடைக்கும். புதிய அலமாரியைத் தவணையில் வாங்கி, மாதாமாதம் கடன் கட்டித் தவிக்கும் வீடுகள் பல. பழையதை வாங்கினால் அந்தத் தவிப்பு இல்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். சாமானைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். மாவு போல உதிர்ந்தால் உள்ளே உளு இருக்கிறது. வேண்டாம். கட்டில் என்றால் இடுக்குகளில் மூட்டைப் பூச்சி இருக்கும். வீட்டுக்குள் கொண்டுவரும் முன்னே கொதிக்கும் தண்ணீர் ஊற்றி வெயிலில் காயவைக்க வேண்டும்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது கவனம் தேவை. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதன் தூசி குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. வேலை முடிந்ததும் தரையை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தேயிலைக்கும் ஏலத்துக்கும் பூச்சிமருந்து வரும் டப்பாக்கள் பார்க்க நன்றாக இருக்கும். மூடியும் இறுக்கமாக இருக்கும். ‘கழுவிவிட்டுத் தண்ணீர் பிடிக்கலாம், அரிசி போடலாம், பூச்செடி வைக்கலாம்’ என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். பத்துத் தடவை கழுவினாலும் விஷம் முழுவதும் போகாது. இந்த டப்பா சும்மா கிடைத்தாலும் வீட்டுக்குள் வரக் கூடாது. எண்ணெய் டின், பிஸ்கட் டின், பால் பவுடர் டின் போதும். விளிம்பைச் சுத்தியால் தட்டி மடக்கிவிட்டால் கையைக் கிழிக்காது.

பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் ஊர்களில் சொந்த வீட்டுக்காரர்கள் உண்டு. அவர்கள் பேக்கரைப் போல் இன்னும் கொஞ்சம் செய்யலாம். ஓட்டு வீட்டை இடித்தவர்கள் கொல்லையில் பழைய ஓடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பேக்கர் அந்த ஓடுகளைக் காங்கிரீட்டுக் கூரைக்குள் வைத்தார். பாரம் தாங்கத் தேவையில்லாத இடத்தில் ஓடு இருப்பதால் சிமென்ட் குறையும், கூரையின் கனமும் குறையும். அண்ணாந்து பார்த்தால் சிவப்பு ஓடு தெரியும், அழகு. ஆனால் இதைத் தெரிந்த கொத்தனார்தான் செய்ய வேண்டும். இந்த முறையில் வீடு கட்டித் தருவதற்காகவே 1985-இல் திருச்சூரில் காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு தொடங்கியது. பேக்கரோடு முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனனும் அதில் இருந்தார்.

கூரை பெரிய வேலை. தரையை நாமே செய்யலாம். டைல்ஸ் கடைகளில் உடைந்த சில்லுகளை ஓரமாகக் குவித்திருப்பார்கள். கேட்டால் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு மணல் கலந்து பரப்ப வேண்டும். அது ஈரமாக இருக்கும்போதே சில்லுகளைப் பதிக்க வேண்டும். பெரிய சில்லு நடுவில், சின்னது ஓரத்தில். சிமென்ட் தோலை அரிக்கும், கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் இடைவெளிகளை வெள்ளைச் சிமென்டால் நிரப்பலாம். ஒரு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிறகு தரை முழுவதும் ஒரு பழைய துணியை இழுத்துப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே ஒரு கூர்முனை இருக்கிறது. கல்லால் தேய்த்து மழுக்கிய பிறகுதான் குழந்தையைத் தவழ விட வேண்டும்.