பொது நிலமும் அடைத்த பாதையும்



பொதுச் சொத்து என்னும் சொல்லுக்கு இருவகையாகப் பொருள் கொள்ளலாம். எல்லோருக்கும் உரியது, ஆகவே என் விருப்பம்போல் நான் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. எல்லோருக்கும் உரியது, ஆகவே பிறர் பங்கு கெடாத வகையிலேயே நான் பயன்படுத்த வேண்டும் என்பது மற்றொன்று. ஊர்க் குளத்தையும் மேய்ச்சல் தரவையையும் பற்றி நம் கிராமங்களில் எழும் பிணக்குகளிற் பல, இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று மோதுவதால் எழுபவையே.

இதே மோதல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகின்றது. தெருவை விட்டு விலகிக் காட்டிலும் பாலையிலும் மோட்டார் வண்டிகளை ஓட்டலாமா, அவ்வாறு ஓட்டி உண்டான பாதைகளை அரசாங்கம் அடைக்கலாமா என்பதே அங்குள்ள வழக்கு. தொலைதூரத்து வழக்காயினும் அதிலிருந்து நாம் அறிந்துகொள்ளத் தக்கவை சில உள.

முதலில் நிலத்தின் அளவை நோக்குவோம். அந்நாட்டு நில முகாமைப் பணியகத்தின் பொறுப்பில் மட்டும் ஏறத்தாழ 24 கோடியே 50 இலட்சம் ஏக்கர் நிலம் உள்ளது. நம் இலங்கைத் தீவைப் போன்ற பதினைந்து தீவுகளை அதில் அடக்கலாம். வனச் சேவையின் பொறுப்பிலுள்ள தேசிய வனங்கள் மேலும் 19 கோடி ஏக்கருக்கு மேற்பட்டவை. யூற்றா மாநிலத்தில் மூன்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு நிலம் மத்திய அரசாங்கத்துக்கு உரியது. அங்கு வாழும் ஒருவன் தன் வீட்டு வேலியைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றாலே பொது நிலத்தில் நிற்பவனாவான்.

இந்நிலங்களில் நெடுங்காலம் மனிதன் காலாலும் குதிரையாலுமே திரிந்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின், படைத் தேவைக்கெனச் செய்யப்பட்ட ஜீப் வண்டிகள் குடிமக்களின் கைக்கு வந்தன. அவற்றைத் தொடர்ந்து மேடு பள்ளங்களிற் பாயும் மோட்டார் சைக்கிள்களும், பருத்த சக்கரங்கள் பூட்டிய சிறு வண்டிகளும், பனிமேல் வழுக்கி ஓடும் வண்டிகளும் வந்தன. 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் மொஹாவிப் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே கூடி மோட்டார் சைக்கிளோட்டும் பந்தயங்களும் நடைபெறலாயின. முன்னர் ஒரு நாளெல்லாம் நடந்து அடைந்த இடத்தை இப்போது ஒரு மணி நேரத்தில் அடையலாம். அவ்வாறு சென்றவர் ஒருவர் அல்லர். பல இலட்சம் பேர்.

பாலைவனத்தில் வண்டி ஓட்டுவதால் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் வினவக்கூடும். பாலை என்பது பாழ்நிலம் அன்று. நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த நம் முன்னோர், பாலைக்கும் தனியே மரமும் பறவையும் விலங்கும் வகுத்தே வைத்தனர். உயிரற்ற இடத்துக்குக் கருப்பொருள் வகுப்பார் உண்டோ?

அமெரிக்கப் பாலை நிலங்கள் பலவற்றின் மண்மேல் ஓர் உயிருள்ள தோல் படர்ந்திருக்கிறது. நீலப்பச்சை அல்காக்கள் எனப்படும் நுண்ணுயிர்களும், இலைக்கன்களும், பாசிகளும் மணற்துணிக்கைகளை நுண்ணிய இழைகளாற் பிணைத்து ஆக்கிய தோல் அது. காற்றில் மண் பறவாமற் காப்பதும், காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்ப்பதும் அதன் தொழில். ஒரு சக்கரம் ஒருமுறை உருண்டாலே அத்தோல் நொறுங்கிவிடும். அது மீண்டும் முழுமையாக வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். சில இடங்களில் நூறாண்டும் போதாது. சக்கரத்தின் பாரத்தால் மண் இறுகும்போது, அரிதாகப் பெய்யும் மழையும் உள்ளே இறங்காமல் வழிந்தோடி, சக்கரத் தடத்தையே வாய்க்காலாக அறுத்துவிடுகிறது.

இதற்குக் கண்கண்ட சான்று ஒன்று உண்டு. 1942ஆம் ஆண்டில் தளபதி பற்றன், வட ஆபிரிக்கப் போருக்குத் தம் படைகளைப் பழக்குவதற்காக, கலிபோர்னிய, அரிசோனாப் பாலைகளில் ஒரு பெரும் பயிற்சிக் களத்தை அமைத்தார். 1944இல் அது மூடப்பட்டது. அங்கே ஓடிய தாங்கிகளின் தடங்கள், எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் சில இடங்களில் அழியாதிருக்கின்றன. போர் முடிந்தது, போரிட்டவரும் மறைந்தனர், தடம் மட்டும் மறையவில்லை.

அப்பாலையில் வாழும் ஆமையொன்று தன் ஆயுளின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் வளை தோண்டி அதனுள்ளேயே கழிப்பது. மழைக் காலத்திற் குடித்த நீரை உடலிற் சேமித்துக் கோடையைக் கடக்கும் இயல்புடையது. மேலே ஓடும் வண்டிக்கு அவ்வளை தெரிவதில்லை. மொஹாவிப் பகுதியில் வாழும் இவ்வாமைகள் 1990ஆம் ஆண்டில், அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. நோயும், குஞ்சுகளைத் தின்னும் காகங்களும், பெருகிவரும் குடியிருப்புகளும் அவற்றின் குறைவுக்குக் காரணமெனினும், வண்டிகளும் காரணங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றன.

இவ்வளவும் ஒரு பக்கம். மறு பக்கத்தையும் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். 1866ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பொது நிலங்களின் ஊடாகப் பாதை அமைக்கும் உரிமையை வழங்கியது. மக்கள் மேற்கே சென்று குடியேற வேண்டுமென அரசாங்கமே விரும்பிய காலம் அது. சுரங்கந் தோண்டியோரும் மாடு மேய்த்தோரும் அந்த உரிமையைக் கொண்டே பாதைகளை உண்டாக்கினர். 1976இல் அச்சட்டம் நீக்கப்பட்ட போதும், அதற்கு முன் உண்டான உரிமைகள் காப்பாற்றப்பட்டன. அவ்வுரிமையின் பேரில் 12,000க்கு மேற்பட்ட பாதைகளுக்கு யூற்றா மாநிலம் நீதிமன்றத்தில் உரிமை கோரியது. தன் பாட்டன் மாட்டு வண்டி ஓட்டிய பாதையில் ஒருநாட் காலை “நுழையாதே” என்ற பலகையைக் காணும் பேரனின் மனம் எப்படியிருக்கும்? நடக்கவியலாத முதியோரும், வண்டியின் உதவியாலன்றி மலையுச்சியைக் காணவியலாத நோயாளரும் கேட்கும் கேள்வியும் எளிதிற் புறந்தள்ளத் தக்கதன்று. வலுவான கால் படைத்தவனுக்கு மட்டுமா காடு சொந்தம் என்பது அவர்கள் வினா.

இவ்விரு பக்கத்தாருக்கும் இடையே அந்நாட்டரசு எடுத்த நடவடிக்கைகள் மூன்றினைக் குறிப்பிடலாம். 1972 பெப்ரவரியில் ஜனாதிபதி நிக்சன் பிறப்பித்த கட்டளை, எங்கே வண்டி ஓட்டலாம், எங்கே ஓட்டலாகாது என்பதை வரையறுக்குமாறும், மண்ணுக்கும் விலங்குக்கும் ஏனைய பயனாளருக்கும் விளையும் தீங்கை இயன்றவரை குறைக்குமாறும் திணைக்களங்களைப் பணித்தது. 1977இல் ஜனாதிபதி காட்டர், பெருந்தீங்கு நேர்வதைக் கண்டால் அவ்விடத்தை உடனே மூடுமாறு கட்டளையிட்டார். 2005ஆம் ஆண்டில் வனச் சேவை வகுத்த விதி மூன்றாவது. அதுவரை பல வனங்களில் நிலவிய வழக்கம், மூடப்படாத இடமெல்லாம் திறந்த இடம் என்பது. புதிய விதியின்படி, வரைபடத்தில் திறந்ததாகக் குறிக்கப்பட்ட பாதையே திறந்த பாதை, ஏனையவை மூடியவை.

சிறு மாற்றமாகத் தோன்றினும் இதுவே இவ்வழக்கின் உயிர்நிலை. முந்திய முறையில், ஒருவன் புதிதாக ஒரு தடத்தை உண்டாக்கிவிட்டால் அதனை அடைப்பதற்கு அரசாங்கமே காரணம் காட்ட வேண்டும். காரணம் காட்டி முடிவதற்குள் தடம் பாதையாகி, பாதை வழக்கமாகி, வழக்கம் உரிமையாகிவிடும். பிந்திய முறையில், திறப்பதற்கே காரணம் காட்ட வேண்டும். மாறாத் தழும்பு ஏற்படக்கூடிய நிலத்தில் இவ்வொழுங்கே அறிவுடையது என்பது என் துணிபு. பாதையைப் பிந்தித் திறந்தால் இழப்பது சில நாட்கள். பிந்தி மூடினால் இழப்பது ஒரு தலைமுறை கண்டு மீளாதது.

எனினும் மூடுவது மட்டும் போதுமா? யூற்றாவில் ரிகாப்சர் என்னும் பள்ளத்தாக்கு உண்டு. பழங்குடி முன்னோரின் தொன்மையான குடியிருப்புச் சிதைவுகள் அங்குள்ளன. அவற்றுக்கு ஊறு நேருமென அஞ்சி 2007இல் அப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதி மோட்டார் வண்டிகளுக்கு மூடப்பட்டது. மீண்டும் திறக்குமாறு உள்ளூரார் விண்ணப்பித்தும் ஆண்டுகள் கடந்தன, முடிவு வரவில்லை. 2014 மே மாதத்தில் மாவட்ட ஆணையாளர் ஒருவரே முன்னின்று, தடையை மீறி வண்டிகளை ஓட்டிச் சென்றார். 2015இல் அவர் குற்றவாளியெனக் காணப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 2020 டிசம்பரில் ஜனாதிபதியின் மன்னிப்பும் பெற்றார். சட்டத்தை மீறியது தவறே. ஆனால், விண்ணப்பித்தவனுக்கு விடை கூறாது ஏழாண்டு காக்கவைத்தல் எவ்வகையான ஆட்சி? காரணம் விளங்கிய தடையை மக்கள் தாமே காப்பர். காரணம் விளங்காத தடைக்குக் காவலாளியை நிறுத்த வேண்டும். அத்துணைப் பெரும் பரப்பிற் காவலாளியை எங்கெல்லாம் நிறுத்துவது?

நமது நாட்டிலும் இவ்வினா புதிதன்று. யால தேசிய பூங்காவின் முதலாம் பிரிவில் சிறுத்தை ஒன்று தென்பட்டதும் ஜீப் வண்டிகள் ஒன்றையொன்று முந்தி நெருக்குவதை அங்கு சென்றோர் அறிவர். வறட்சி மிகும் செப்டெம்பர் மாத அளவில் அப்பிரிவைச் சில வாரங்கள் மூடுவது வழக்கமாக இருந்து வருகின்றது. நீர்நிலைகள் வற்றிய காலத்தில் விலங்குகளுக்குச் சற்றே அமைதி தரும் ஏற்பாடு அது. அதே வாரங்களில் ஜீப் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களின் அடுப்பில் எரியும் நெருப்புக் குறைகின்றது என்பதும் உண்மை. திறக்கும் நாளை முன்கூட்டியே அறிவித்தலும், மூடுவதன் காரணத்தை அவ்வோட்டுநர்க்கு அவர் மொழியிலேயே எடுத்துரைத்தலும் பெருஞ் செலவில்லாத செயல்கள். விலங்கு வாழ்ந்தாலன்றித் தம் தொழில் வாழாது என்பதை அவரைவிட நன்கு உணரத் தக்கவர் யாவர்?

பொது நிலத்துக்கு உரியோர் இன்று வண்டி ஓட்டுவோர் மட்டுமல்லர். நடந்து செல்வோரும் உரியோர். இனிப் பிறக்கப் போகும் குழந்தைகளும் உரியோர். அக்குழந்தைகள் விண்ணப்பம் எழுத மாட்டா. கூட்டத்தில் எழுந்து பேசவும் மாட்டா. ஆகவே ஒரு பாதையைத் திறக்கவோ அடைக்கவோ கூடும் சபையில், அவர்களுக்காகவும் ஓர் ஆசனம் ஒதுக்கி வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டு முடிவு செய்வதே நமக்குக் கடன்.