மூன்று பிரதி இருந்தால் போதுமா?

கசாண்ட்ரா தகவல்தளத்தில் ஒரே பதிவைப் பெரும்பாலும் மூன்று கணினிகளில் வைப்பார்கள். ஒன்று பழுதானால் மற்றவை கைகொடுக்கும். ஆனால் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் மூன்றுக்கும் போய்ச் சேரும்.

அப்போது உதவுவது முன்பே எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட். அது கோப்புகளை நகலெடுப்பதில்லை. அவற்றுக்கு இன்னொரு பெயர் சூட்டி நிறுத்திவைக்கிறது. ஆகவே நொடிகளில் முடியும். ஆனால் அதே வட்டில் இருப்பதால், வட்டு போனால் அதுவும் போகும். வேறிடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். பழையதை அகற்றாவிட்டால் வட்டு நிரம்பும்.

2017 ஜனவரி 31இல் கிட்லாப் நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸ் தகவல்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. அன்றாடக் காப்புப்பிரதி எடுபடாமலேயே இருந்தது அப்போதுதான் தெரிந்தது. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

காப்புப்பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அவ்வப்போது அதிலிருந்து மீட்டும் பார்க்க வேண்டும்.