குதிரைப் போலீஸ் அதிகாரி ஸ்டீல்: சட்டமும் கூலியும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழிற்சங்க மேடையில் ஒரு போலீஸ்காரரின் வரலாறு எதற்கு என்று கேட்பீர்கள். கூலி கேட்ட தொழிலாளர் முன் துப்பாக்கியுடன் நின்றவர் அவர். ஆனாலும் கெட்டவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாத மனிதர். அதனால்தான் பேசுகிறோம்.

கனடா நாட்டுச் சாமுவேல் ஸ்டீல், 1873-ல் குதிரைப் போலீஸ் படை அமைந்தபோதே அதில் சேர்ந்தார். மறு வருடம் செஞ்சட்டைப் படை மேற்கே புறப்பட்டது. தண்ணீரும் புல்லுமின்றிக் குதிரைகள் வழியில் மடிந்தன. பழங்குடி மக்களுக்குச் சாராயம் விற்றுச் சுரண்டிய வியாபாரிகளை அடக்கவே படை போயிற்று. ஆனால் பின்னர் அம்மக்களின் நிலம் குடியேறியவர் கைக்குப் போனபோதும் அதே படைதான் காவல் நின்றது.

1885 ஏப்ரல். பீவர் ஆற்றங்கரையில் ரயில் பாதை போட்டவர்களுக்குக் கூலி பாக்கி. கலகம் வரும் என்று ஸ்டீல் முன்னரே மேலிடத்துக்குத் தந்தி அடித்தார், பலனில்லை. நூற்றுக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். ஸ்டீலோ கடுங்காய்ச்சலில் படுத்திருந்தார். கைது செய்யப் போன இடத்தில் கைகலப்பு; ஒரு தொழிலாளியின் தோளில் குண்டு பாய்ந்தது. ஸ்டீல் படுக்கையை விட்டு எழுந்து, துப்பாக்கியுடன் பாலத்தில் நின்றார். கலகச் சட்டம் வாசிக்கப்பட்டது. கூட்டம் கலைந்தது. தலைவர்களுக்கு அபராதம். கூலி அதற்குப் பிறகுதான் வந்தது.

இதைக் கவனியுங்கள். கூலி கேட்டவனிடம் சட்டம் அன்றே வந்தது. கூலி கொடுக்காதவனிடம் அது போகவேயில்லை!

அதே ஸ்டீல், கூட்டனே பகுதியில் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட பழங்குடி மனிதரைச் சாட்சியம் போதாதென்று விடுவித்தார். 1898-ல் குளோண்டைக் தங்கத்தைத் தேடி மக்கள் திரண்டபோது, ஒரு வருட உணவில்லாதவரை எல்லை தாண்ட விடவில்லை. நீர்ச்சுழலில் படகுகள் உடைந்து ஆட்கள் மாண்டபின், பெண்களும் குழந்தைகளும் கரையில் நடந்தே போக வேண்டும் என்று உத்தரவிட்டார். பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் பதவியிலிருந்தோரின் ஊழலுக்கு ஒத்துப்போகாததால் 1899-ல் அங்கிருந்து நீக்கப்பட்டார். 1903-ல் போலீஸ் படையை விட்டார். 1918-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, 1919-ல் லண்டனில் காலமானார்.

நம் தோட்டங்களில் சிலர் சொல்வதுண்டு: "துரை நல்லவர், சங்கம் எதற்கு?" நல்லவரை மேலிடம் ஒரே கடிதத்தில் மாற்றிவிடும். நல்லவரே இருந்தாலும், மேலிடத்து உத்தரவு வந்தால் அவரும் பாலத்தில் துப்பாக்கியுடன் நிற்பார். எழுத்தில் உள்ள ஒப்பந்தம் மாறுதலாகிப் போகாது.

கிராணிகளாகிய நாமும் இதை உணர வேண்டும். செக்ரோலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு வீட்டில் அரிசி குறையும். பால்வெட்டுத் தோழர்களே, சம்பளச் சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். கணக்கில் ஐயம் வந்தால் அன்றே கிளைக் கமிட்டியிடம் காட்டுங்கள். பீவர் ஆற்றில் இருந்தது கோபம். இல்லாதது எழுதி வைத்த உடன்படிக்கை. கல்லெடுப்பதை விடக் கணக்கெடுப்பது வலிமை.

ஒற்றுமையுடன் நிற்போம்.